மூன்றாவது கிடாரின் இரைச்சல்

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று வழக்கம்போல அடுத்த வரியை எழுதப் போனேன், கை நின்றுவிட்டது, ஏனென்றால் நீ எப்படி இருக்கிறாய் என்பது இப்போது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி கேட்டால் அது நடிப்பு. போனில் பேசினால் என்ன என்று நினைப்பாய். போனில் நீ அரை வாக்கியம் சொல்வதற்குள் மீதியை நானே சொல்லி, அதற்குப் பதிலும் சொல்லிவிடுவேன். கடிதம் என்றால் நான் சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு உன் பதிலுக்குக் காத்திருந்துதான் ஆக வேண்டும். அதனால்தான் இது.

எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்குப் போகாதீங்க, பிள்ளை பயந்துடுவா, முதல்ல வீட்டு சமாச்சாரம் எழுதுங்க என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள், அதனால் எழுதுகிறேன். நம் கட்டிடத்து லிஃப்ட் போன வாரம் முழுக்க ஓடவில்லை. அது என் கம்பெனி பராமரிக்கும் லிஃப்ட் இல்லை என்று படியில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். மேல் மாடி வாத்தியார் மூச்சு வாங்க ஏறி வந்து, லிஃப்ட் இன்ஜினியர் குடியிருக்கிற வீட்டுல எங்களுக்குப் படிதான் கதி என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா கண்ணாடிக் கடையில் இப்போது கண் பரிசோதிக்கும் பக்கம் மாறிவிட்டாள், வீட்டில் என்னையும் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்து, கடைசி வரி தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, ஊகிச்சுச் சொல்லாதீங்க என்று மிரட்டுகிறாள். உன் நாடக அரங்கில் வாத்தியக் குழுவோடு நீ நிற்கிற படத்தை வேலையிடத்தில் காட்டினேன், புதிதாகச் சேர்ந்த பையன் தங்கச்சியா சார் என்றான். இருபது வயதில் அப்பனானால் இந்தத் தொல்லை ஆயுசுக்கும் உண்டு. மாமா வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை வந்து, வழக்கம்போல ரிமோட்டை எங்கேயோ வைத்துவிட்டுப் போனார்.

போதும். இனி விஷயம். உன் பழைய கிடாரின் கழுத்து முறுக்கிக்கொண்டது என்று நீ சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் நான் வேறு எதையும் பேசவில்லை. வாங்குவதென்றால் இனி வாழ்க்கைக்கும் ஒன்றுதான், நல்லதாக வாங்குவோம் என்றேன். ஒரே கம்பெனி, ஒரே வடிவம், விலையில் மூன்று தட்டு. முதல் தட்டு தொழிற்சாலை வரிசையில் வருவது, அதுவே பலருக்குக் கனவு. நடுத் தட்டில் மரத்தைப் பார்த்துப் பொறுக்குகிறார்கள், தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பைக் கையால் சுற்றுகிறார்கள். மேல் தட்டு ஒரே ஆள் தொடக்கத்திலிருந்து கடைசி வரை உட்கார்ந்து செய்வது, கழுத்து பழைய காலத்து அளவில் பருமனாக, கை நிறைய இருக்கும். நீ முதல் நாளே எனக்கு முதல் தட்டே போதும்ப்பா என்றாய். நான் விட்டேனா. உனக்கு ஆசை இல்லையா, தைரியம் இல்லையா, நாளைக்குப் பெரிய மேடையில் நிற்கும்போது வருத்தப்படுவாய் என்றெல்லாம் எழுதி, மூன்றுக்கும் ஒப்பீடு போட்டு அனுப்பினேன். மாமா அதை எட்டிப் பார்த்துவிட்டு, ஏன் மாப்ள, வாசிக்கிறவ அங்க இருக்கா, நீ இங்க உக்காந்து கிடாருக்கு ஜாதகம் பார்க்குறியா என்றார். சிரித்துவிட்டு, அவருக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

அதோடு நிற்காமல் உனக்கு ஒரு சட்டமும் போட்டேன். உங்கள் ஊர்க் கடையில் மூன்றையும் எடுத்து ஒரே பகுதியை வாசி, பதிவு செய், எது எந்தத் தட்டு என்று சொல்லாமல் அனுப்பு, விலை தெரிந்த காது ஒழுங்காகக் கேட்காது என்று. நீயும் சொன்னபடி செய்தாய். நான் உன் அறையில் கணினியை வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கடையில் ஆள் பேச்சு, ஏசி உறுமல், நாற்காலிச் சத்தம் எல்லாம் கலந்திருந்தது. கிடார் மட்டும் கேட்டால் போதும் என்று மற்ற சத்தத்தையெல்லாம் சுத்தமாக நீக்கினேன். பிறகு மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். மூன்றாவதுதான் மேல் தட்டு என்று கேட்டவுடன் கண்டுபிடித்துவிட்டேன், அதில் ஒரு பெருமை வேறு. ஆனால் அந்த மூன்றாவதில், சுரம் மேலே ஏறி உச்சியைத் தொட வேண்டிய இடத்தில், ஒவ்வொரு முறையும் கடைசி சுரம் செத்து விழுந்தது. இரண்டாவதில் பாதி உயிரோடு இருந்தது. முதலில் மட்டும் சுத்தமாக வந்தது.

உடனே உனக்குக் குரல் செய்தி அனுப்பினேன். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கும் இருக்கிறது, இருந்தும் எழுதுகிறேன். ஒழுங்கா உழைக்காதவளுக்கு மேல் தட்டு கிடார் எதுக்கு, அதைச் செஞ்சவன் கேட்டா அழுவான் என்றேன். அதைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். நீ ஒரே வரி அனுப்பினாய், சரிப்பா, முதல் தட்டே போதும் என்று. அதைப் படித்து நான் என்ன செய்தேன் தெரியுமா, சந்தோஷப்பட்டேன். அம்மாவைக் கூப்பிட்டு, பார்த்தியா, எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்கிறா என்றேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே மடித்த ஒரு சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

ஆனால் என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது. அதே பகுதியை உன் பழைய கிடாரில், அதுவும் பருமனான கழுத்துதான், நீ தூக்கத்தில்கூட வாசிப்பாய், கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். அப்படியானால் கோளாறு அந்தக் கிடாரில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். என் புத்தி அப்படித்தான் போகும். மதிய இடைவேளையில் எண்ணெய்க் கறைச் சட்டையோடு இங்கே இருக்கிற கடைக்குப் போய் அதே மேல் தட்டு மாடலைக் கேட்டேன். கடைக்காரர் என்னையும் என் கையையும் பார்த்துவிட்டு முதலில் ஒரு துணியைக் கொடுத்தார். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஒவ்வொரு கட்டமாக அழுத்தி ஒவ்வொரு தந்தியாகத் தட்டினேன். சார், அது கிடார், நீங்க தட்டுறதைப் பார்த்தா கதவு திறக்கும்னு நிக்கிற மாதிரி இருக்கு என்றார். எல்லாச் சுரமும் மணி மாதிரி ஒலித்தது. எங்கேயும் சாகவில்லை. சரி, உங்கள் ஊர்க் கடையில் இருப்பது மட்டும் பழுதாக இருக்கலாம் என்று அப்போதும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன், இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்யலாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது, நான் இதுவரை கேட்டது நீ அனுப்பியதை அல்ல, நான் கழுவி எடுத்ததை. நீ அனுப்பியதை அப்படியே போட்டேன். மூன்றாவது. ஏசி உறுமுகிறது, யாரோ விலை கேட்கிறார்கள், நீ ஏறுகிறாய், உச்சிச் சுரம் சாகிறது, உடனே ஸ்ஸ் என்று ஒரு மூச்சு. மறுபடி ஏறுகிறாய், மறுபடி ஸ்ஸ். அதற்கடுத்த முறை மெதுவாக, அம்மா, என்கிறாய். வேறு யாருக்கும் கேட்டிருக்காது, உனக்கே தெரிந்திருக்காது. நான் இரைச்சல் என்று வெட்டி எறிந்தது அதைத்தான் பாப்பா. உன் வலியைத் துடைத்து எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கேட்டு உனக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் போய் நின்றேன். என்ன என்றுகூடக் கேட்கவில்லை அவள், முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். அரங்கின் இரும்புக் கதவில் உன் இடது சுண்டு விரல் சிக்கியது, வீக்கம் வடிந்தும் நுனி முழுசாக நிமிரவில்லை, எட்டி அழுத்தினால் வலி உயிர் போகிறது, குழுத் தலைவருக்குத் தெரிந்தால் இந்த நாடகப் பருவம் முடிந்து உனக்கு நிரந்தரமாக்க வேண்டிய இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாரோ என்று பயந்து நீ யாரிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் போகவில்லை, எல்லாம் சொன்னாள். முதல் தட்டு போதும் என்று நீ ஏன் நின்றாய் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது, மூன்றில் அதன் கழுத்துதான் மெலிது. என்கிட்ட ஏன் சொல்லல என்று கத்தினேன், ஆமாம், அப்போதும் கத்தத்தான் செய்தேன். அம்மா சொன்னாள், அவதான் சொல்ல வேண்டாம்னா, அப்பா விரலைப் பத்திக் கேக்குறதுக்கு முன்னாடி, கதவுல ஏன் கையை வச்சேன்னு கேப்பார்னா. என் வாயில் அந்தக் கேள்விதான் அடுத்து வர இருந்தது.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டால் நேராக கன்ட்ரோல் பெட்டியைத் திறக்கக் கூடாது. லிஃப்டுக்குள் இருந்தவரிடம் முதலில் கேட்க வேண்டும், என்ன ஆச்சு, எங்கே உதறியது, நீங்க நல்லா இருக்கீங்களா என்று. கேட்காமல் பெட்டியைத் திறக்கிற பையன்களை எத்தனையோ தடவை ஆள் முன்னால் வைத்துத் திட்டியிருக்கிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்கவில்லை. இந்த மாதம் முழுக்க எந்த மரம், எந்தப் பிக்கப், எந்தக் கழுத்து என்று மாற்றி மாற்றிக் கேட்டேன், ஒரு தடவைகூடக் கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. மன்னிச்சிடு என்ற சொல் எனக்குச் சரளமாக வராது, அது உனக்குத் தெரியும். இங்கே எழுதிவிட்டேன், ஒரு தடவை படித்துக்கொள்.

இனி புத்தி சொல்கிறேன், கொஞ்சம்தான். முதலில் கை டாக்டர். எலும்பு டாக்டர் போதாது, கைக்கென்றே பார்க்கிறவர் இருப்பார், விசாரித்துப் போ, நாள் கடத்தாதே. எனக்கு மருத்துவம் தெரியாது, ஆனால் நிமிராத விரலை வைத்துத் தினமும் எட்டி அழுத்துவது நல்லதாக இருக்க முடியாது என்று சொல்ல மருத்துவம் தெரிய வேண்டாம். அடுத்தது குழுத் தலைவர். அவரிடம் சொல் என்று ஒரு வரி எழுதி, பிறகு அடித்துவிட்டேன், மேலே கறையாகத் தெரிகிறதே அதுதான். இடம் போனால் போகட்டும் என்று இங்கே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வது எனக்குச் சுலபம். அந்த இடத்துக்கு நீ எப்படி அலைந்தாய் என்று பார்த்தவன் நான். டாக்டர் சொல்வதைக் கேட்டபின் நீயே முடிவு செய். எதுவானாலும் நான் உன் பக்கம்தான் நிற்பேன், உன் எதிரே நின்று விளக்கம் கேட்க மாட்டேன்.

கிடார் விஷயத்தில் நான் கடையில் எதற்கும் சொல்லி வைக்கவில்லை. முதல் தட்டு உனக்குப் பிடித்திருந்தால் அதுவே வாங்குவோம், அது சின்னக் கிடார் ஒன்றுமில்லை, நான்தான் அதைச் சின்னதாக்கிப் பேசினேன். வலிக்குப் பயந்து மட்டும் அதை எடுக்கிறாய் என்றால் பொறு. மேல் தட்டுக்குக் கழுத்தை வாங்குபவரின் கையைப் பார்த்து இழைத்துத் தருவார்கள் என்று கடைக்காரர் சொன்னார். விரல் நேரானால் நேரான விரலுக்கு, நேராகாவிட்டால் அதற்கு ஏற்ப. மரத்தை விரலுக்கு இழைக்கலாம், விரலை மரத்துக்கு ஒடிக்க வேண்டாம். எதுவும் வேண்டாம், கொஞ்ச நாள் கிடாரையே பார்க்கப் பிடிக்கவில்லை என்றாலும் சரி. அம்மா அழுதுவிட்டு இப்போது சமையலறையில் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக வைக்கிறாள், அவள் மேலும் உனக்குக் கோபம் வேண்டாம், நீ சொல்ல வேண்டாம் என்றதை நான் கேட்டு அவள் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நல்லா இரு பாப்பா. விரல் குணமாகி, நீ நினைத்த மேடையில் நினைத்தபடி வாசிக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்று செய். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் முதல் போன் எனக்குப் போடு, அம்மாவுக்கு அப்புறம் போடலாம். எத்தனை பாகை நிமிர்கிறது, எவ்வளவு வீக்கம் என்று அளவெல்லாம் சொல்ல வேண்டாம், வலிக்குதா இல்லையா என்று மட்டும் சொல். திட்ட மாட்டேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன், அது பொய்யாகிவிடும், என்னை உனக்குத் தெரியும். திட்டுவேன். ஆனால் நீ முழுசாகச் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேசாமல் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் கையைப் பற்றிக் கேட்க மறந்த
அப்பா