எடுத்த இரண்டு தூண்கள்

ஆரணி

அன்புத் தம்பி ஹேமநாத்துக்கு,

அண்ணன் வேணுகோபால் எழுதுவது. அங்கே எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

கடைத்தெருவில் நம் கட்டடத்தின் மாடி இடிந்து இன்றோடு பத்தொன்பது நாள். கீழே செல்போன் கடையில் வேலை பார்த்த காவ்யா இடிபாட்டில் சிக்கி இறந்துபோனாள். மேலே ஜிம் நடத்திய ரஞ்சித்குமார், இரும்பு எடைகளை அளவுக்கு மீறி ஏற்றினான் என்று ஜெயிலில் இருக்கிறான்.

அது மட்டும் காரணமில்லை என்று உனக்கும் எனக்கும் தெரியும். அப்பா அங்கே பட்டு வியாபாரம் செய்தபோது, மழை நாளில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்ட முடியாமல் கீழ்க்கூடத்திலேயே நீட்டினார். தூணில் உரசி இழை அறுந்தது. நடுவில் நின்ற இரண்டு தேக்குத் தூண்களையும் எடுத்துவிட்டார். மாடியில் அப்போது வெறும் பட்டு நூல்தான், கனமே கிடையாது. பிறகு கீழே வங்கி வந்தது, மேலே டைப்ரைட்டிங் வகுப்பு நடந்தது. ஒன்றும் ஆகாததால் நமக்கும் குளிர் விட்டுப்போயிற்று. தூண் நின்ற தடத்தை நீயும் நானும்தான் டைல்ஸ் போட்டு மறைத்தோம்.

கனம் தாங்குமா என்றுதான் ரஞ்சித்குமார் முதலில் கேட்டான். அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம், யானையே ஏறலாம் என்று சுவரைத் தட்டிக் காட்டினேன். தூண் விஷயத்தைச் சொல்லட்டுமா என்று உன்னைக் கேட்டேன். வருகிற ஆளை விரட்டாதே என்றாய். இன்ஸ்பெக்டர் விசாரித்தபோதும் வாய் திறக்கவில்லை. நான் கோழை, ஹேமநாத்.

நேற்று காவ்யாவின் அம்மா ராஜம்மாள் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று உள்ளே ஒளியப் பார்த்தேன். அவர் வாசலிலேயே நின்று, "உங்க மேல கோவம் இல்லீங்க. இத்தினி வருசமா நின்னுகினு இருந்த கட்டடம், அன்னிக்கு என் பொண்ணு வீடு வந்து சேந்தப்புறம் விழுந்திருக்கக் கூடாதாங்க?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். உன் பெயரைச் சொல்லமாட்டேன். அதை நீயே வந்து சொல்லவேண்டும். எனக்காக வராதே. ரஞ்சித்குமாருக்காக வா.

உன் மகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். காவ்யாவுக்கும் அவள் வயதுதான், இருபத்தொன்று.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அண்ணன்,
வேணுகோபால்