ஹயர் வந்தது, பாதிதான் கேட்டேன்

நானா,

திங்கட்கிழமை பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய வாசிப்பு அட்டைகள் மேசையில் கிடக்கின்றன. போட்டோகொப்பிக் கடையில் சூட்டோடு வாங்கி வந்தேன். அந்த மை வாசம் மூக்கில் ஏறியதிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில் உட்காருகிறேன், எழும்புகிறேன், தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு ஆற விடுகிறேன். உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

அந்த அட்டை என்னுடைய யோசனைதான். உங்கள் மகள் என்னிடம் ஏழாம் வகுப்பில் தமிழ் படித்த வருஷம், வாசிப்பு மாதத்துக்காகப் பள்ளிக்கூடம் முழுவதற்கும் செய்தேன். நூலகத்திலிருந்து கொடுக்கும் புத்தகத்தைப் பிள்ளை தினமும் வீட்டில் கால் மணித்தியாலம் சத்தமாக வாசிக்க வேண்டும். வீட்டார் ஒருவர் இருந்து கேட்டுவிட்டுக் கட்டத்தில் கையொப்பம் வைக்க வேண்டும். முப்பது கட்டமும் நிறைந்தால் பரிசு. அதிபர் பாராட்டியதில் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

மாதம் முடிந்து அட்டைகள் வந்தன. முக்கால்வாசியில் முப்பது கையொப்பமும் ஒரே பேனை, ஒரே சாய்வு. ஒரே இருப்பில் போட்டது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பார்த்தும் பார்க்காத மாதிரி வாங்கி அடுக்கினேன். உங்கள் மகளின் அட்டையில் பதினொரு கையொப்பம்தான். மற்றக் கட்டங்களில் குட்டிக் குட்டியாக என்னவோ எழுதியிருந்தீர்கள். “ஹயர் வந்தது. பாதிதான் கேட்டேன்.” “மகள் வாசித்தாள். நான் தூங்கிப்போனேன்.” “வீட்டில் இல்லை. பாலத்தடியில், வண்டிக்குள்.”

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்து ஸ்டாண்டில் உங்கள் திரீவீல் நிற்கும்; ஊரே உங்களை அண்ணனாக்கி ‘நானா’ என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஹயர் பேசி ஆள் ஏறும்வரை உங்களுக்கு வாசிப்பாள். ‘வீட்டில்’ என்றுதானே போட்டிருக்கிறேன், இந்த மனிதருக்கு விளங்காதா என்று எனக்கு எரிச்சல். சிவப்புப் பேனையால் அவ்வளவையும் வெட்டினேன். அதோடு விட்டேனா? பிள்ளையை எழுப்பி நிறுத்தி, “உங்க வாப்பாவுக்கு இது விளையாட்டா? ஒரு சைன் வைக்கக்கூட நேரமில்லையா?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடக் கேட்டடியில் நின்றீர்கள். சண்டைக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

“கோவிக்க வேணாம் டீச்சர். கேக்காத நாளைக்கு நான் எப்பிடி சைன் வெக்கிற?” என்றீர்கள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகி, “அது சரி, அந்தக் கதை நல்ல கதை. ரயில விட்டுட்டு ரெண்டு புள்ளைகளும் மலைக்குள்ள நிக்கிதுகள். கடுகண்ணாவப் பக்கமா இருந்தா நானே போய் ஏத்திட்டு வந்திருப்பேன்!” என்றீர்கள்.

நான் சிரிக்கவில்லை. விதி விதிதான் நானா என்றேன். என்ன வாய் எனக்கு!

பரிசு வாங்கியவர்களில் எட்டாம் வகுப்பில் இருந்த என் மகனும் ஒருவன். இதை எழுதக் கை கூசுகிறது. அவனுடைய அட்டையில் இருந்த முப்பது கையொப்பத்தையும் கண்டிக்குப் போகும் பஸ்ஸில், மடியில் பையை வைத்து, கட்டுகஸ்தோட்டையில் தொடங்கி டவுன் வருவதற்குள் நான் போட்டேன். அவன் ஒரு பக்கம்கூட எனக்கு வாசித்துக் காட்டியதில்லை. வீட்டுக்கு வந்தால் சமையல், கொப்பி திருத்தல், எனக்கு எங்கே நேரம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உங்கள் பிள்ளையைக் கேட்ட கேள்வியை என்னை யாரும் கேட்கவில்லை.

பரிசளிப்பில் நீங்கள் பின்வரிசையில் நின்று கை தட்டினீர்கள். வெளியே வந்தபோது, “டீச்சர்ட மகன் கெட்டிக்காரன். முப்பது நாளும்! எனக்குத்தான் ஏலாமப் போச்சு” என்றீர்கள். பொறாமை ஒரு பொட்டும் இல்லை. நான், “பரவாயில்ல நானா, அடுத்த வருஷம் பார்ப்போம்” என்றேன். நாக்கு கூசவில்லையே எனக்கு!

அதற்குப் பிறகு ஒரு மழை நாளில் உங்கள் வண்டியில் ஏறினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி சொன்னீர்கள், “மகள் இப்ப எனக்கு வாசிக்கிறதில்ல டீச்சர். வகுப்புல எழும்பி நின்ட வெக்கம். கதை பாதியில நிக்கிது. நீங்க ஒருக்கா சொன்னா கேப்பா.” சொல்றேன் என்று இறங்கினேன். சொல்லவில்லை. சொல்வதென்றால் என் தப்பை அந்தப் பிள்ளையிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பயந்து, ஸ்டாண்டில் உங்கள் வண்டி நின்றால் மற்றப் பக்கத்தால் நடக்கப் பழகினேன். போன வருஷம் ஒரு நாள் வேறொருவரின் வண்டியில் ஏறியபோதுதான் நீங்கள் மௌத்தான செய்தி எனக்குத் தெரிந்தது. நெஞ்சுவலியாம், இரண்டே நாளாம்.

இந்த வருஷமும் அதே அட்டையைச் செய்யச் சொன்னார்கள். பரிசை எடுத்துவிட்டேன். கையொப்பம் என்ற சொல்லையும் எடுத்துவிட்டுக் கட்டங்களைப் பெரிதாக்கினேன், யாரும் எதையும் எழுதட்டும் என்று. அப்படியும் மனம் ஆறவில்லை. நேற்று உங்கள் வீட்டுக்குப் போனேன்.

எட்டாம் வகுப்போடு வேறு பள்ளிக்கூடம் மாறிய மகள் இப்போது பதினோராம் வகுப்பு. பஸ்ஸில் போட்ட கையொப்பம், நீங்கள் கேட்டது, நான் சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அலுமாரியைத் திறந்து அந்த ரயில் கதைப் புத்தகத்தை எடுத்து வந்தாள். திருப்பிக் கொடுக்கவே இல்லையாம்.

“நான் அப்பவே தனியா வாசிச்சு முடிச்சிட்டேன் டீச்சர்,” என்றாள். “வாப்பா அடிக்கடி கேப்பாரு, அந்தப் புள்ளைகள் ஊட்டுக்குப் போய்ச் சேந்தாங்களான்னு. தெரியாதுன்னு சொல்லிருவேன். எனக்கு ரோசம். ஆஸ்பத்திரியிலயும் சிரிச்சிட்டே கேட்டாரு. அப்பவும் சொல்லல்ல.”

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அந்த ரோசத்தை அவளுக்குள் வைத்தவள் நான் அல்லவா?

“முடிவு என்ன மகள்?” என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க வாசிச்சதில்லையா டீச்சர்?” இல்லை நானா. நூலக அலுமாரியில் கைக்கு வந்ததை எடுத்துப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அவள் புத்தகத்தை என் கையில் தந்து, மூலை மடித்த ஒரு பக்கத்தைக் காட்டினாள். “இதுவரைக்கும்தான் வாப்பாக்குத் தெரியும்.”

காலையிலிருந்து வாசிக்கிறேன். என் மகன் எதிரில் உட்கார்ந்து கேட்கிறான். மடித்த பக்கம் வந்துவிட்டது. “திருப்புங்கம்மா, பிறகு என்ன?” என்கிறான். உங்களை இங்கே விட்டுவிட்டு நான் மட்டும் எப்படிப் போவது என்று தெரியாமல் எழும்பி எழும்பி நடக்கிறேன், நானா.