உன் காரின் சத்தத்தைக் குறைத்துவிட்டேன், அக்கா

அக்கா,

உன் காருக்குள் இப்போது பசை வாடை அடிக்கிறது. நேற்றுத்தான் பட்டறையில் தரை விரிப்பை உரித்தெடுத்து, அடியில் தார் போட்ட தடித்த ஷீட் ஒட்டி, அதன்மேல் ஃபெல்ட் துணி விரித்துக் கொடுத்தார்கள். ராத்திரி முழுக்கக் கண்ணாடிகளை இறக்கிவைத்தும் வாடை போகவில்லை. நீ இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்கு அந்தச் சத்தமே தேவலடி" என்றிருப்பாய்.

பழைய டீசல் வண்டி வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும் நீதான் வாங்கினாய். நர்ஸ் வேலைக்குக் கிராமம் கிராமமாகப் போக அது வேண்டும் என்றாய். அனுமந்தன்பட்டியில் நீ வண்டியைக் கிளப்பினால், ராயப்பன்பட்டியில் ஊசிக்குப் பயந்த பிள்ளைகள் ஓடி ஒளிந்துகொள்ளும் என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். தினமும் என்னைக் கம்பத்தில் பள்ளிக்கூட ஆபீசில் இறக்கிவிடுவாய். அதுவரை வீட்டுச் சண்டையிலிருந்து தோசைமாவு புளித்தது வரை கத்திக் கத்தித்தான் பேசுவோம். எனக்குத் தொண்டை சீக்கிரம் கட்டிக்கொள்ளும். பாதிக்குமேல் நீ சொல்வது கேட்காது, சும்மா தலையாட்டுவேன். நீ கண்டுபிடித்துவிடுவாய்.

"கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லித் தொலை. எதுக்கு மண்டைய ஆட்டுற?"

அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவே இல்லை, அக்கா. நீ கண்ணை மூடியபிறகு உன் மகள் என்னோடுதான் இருக்கிறாள். அத்தான் கோயமுத்தூரில் வேலையை விட முடியாமல், லீவு கிடைக்கும்போது வந்து பார்த்துப் போகிறார். காலையில் நானும் அவளும் உன் காரில்தான் கம்பத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம். உன் தொண்டை அவளுக்கு வரவில்லை. சட்டைக் காலரோடு பேசுவது போலத்தான் பேசுவாள்.

போன மாதம் புதுப்பட்டி தாண்டும்போது என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதனால் அது சின்ன விஷயமில்லை. எதிரே லாரி. நான் கியரைக் குறைக்க, இஞ்சின் உறுமியது. ஒன்றும் கேட்கவில்லை. "ம்ம், சரிடா" என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் பேச்சு குறைந்துபோனது. வீட்டில் என்னவென்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், "ஒண்ணுமில்ல சித்தி" என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை. அன்று காதில் விழவில்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு மனம் வரவில்லை. எதற்குச் சரி சொன்னேன்? படிப்பை நிறுத்துகிறேன் என்றாளா? உடம்புக்கு ஏதாவது என்றாளா? உன்னைப் போல நோவை மறைத்துவைக்கிறாளோ என்று தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டும்போதுதான் அவளுக்கு வாய் வந்தது. அப்படியென்றால் காரைத்தான் சரிபண்ண வேண்டும் என்று முடிவுகட்டினேன்.

உத்தமபாளையத்துப் பட்டறை பாய் பானட்டைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இஞ்சினைத் தாங்கும் ரப்பர் வெடித்துக் கிடந்ததாம். வயர்கள் உள்ளே வரும் ஓட்டைகளில் அடைப்பே இல்லை. கதவோர ரப்பர் பீடிங்கும் போய்விட்டது. "டீசல் வண்டியில்லக்கா, சத்தம் அத்துப்போகாது. பேசுனா கேக்குற மாதிரிப் பண்ணித் தாரேன்" என்றார். எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

இன்று காலை கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல் வந்தபிறகு, ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு என்னமோ சொன்னீல்ல. எனக்குக் கேக்கவே இல்லடா. சும்மா சரின்னுட்டேன்."

"கேக்கலையா?"

"சத்தியமா கேக்கல."

அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "அப்பா அங்கனயே வந்து படின்னு சொன்னாக. நான் போயிறட்டுமான்னு உங்கிட்டக் கேட்டேன். நீ சரின்னுட்ட. அதான் வாரேன்னு அப்பாட்டச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போக வாராக."

வண்டியை ஓரங்கட்டினேன். "உனக்குப் போகணுமா?" என்று கேட்டேன்.

"நீ போகச் சொன்னியேன்னுதான்..." என்றாள். அதற்குமேல் பேசமுடியாமல் அழுதாள். நானும் அழுதேன்.

அத்தான் கெட்டவரில்லை, அக்கா. நானும் சம்மதித்துவிட்டேன் என்ற நினைப்பில், மகளுக்கென்று புதுக்கட்டில் வாங்கிப் போட்டிருப்பதாக மதியம் போனில் சந்தோஷமாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசிக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டேன். பெற்றவருக்கு முன்னால் எனக்கென்ன உரிமை என்று அவர் கேட்டால் என்ன பதில் சொல்வேன்? அவரை இவள் மறந்துவிடக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். லீவுக்கெல்லாம் நானே கொண்டுபோய் விடுகிறேன், எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

இதுவரை யார் கேட்டாலும் 'அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன்' என்றுதான் சொல்லிவந்தேன். எனக்கு அவள் வேண்டும் என்று யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும் சொன்னதில்லை. உன்னுடையதைப் பறித்துக்கொள்வது போல ஒரு கூச்சம். ஞாயிற்றுக்கிழமை அத்தானிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

அவள் என் பிள்ளை, அக்கா. நான் கொடுக்க மாட்டேன்.