ஹீரா சிரித்த பிறகு

இன்று காலை நல்ல மழை. பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரின் கம்பளிக் கோட்டு தொப்பலாக நனைந்திருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில், மியூனிக்கில் என் மாணவர் விடுதி அறைக் கதவை அதே வாடையோடு தட்டியவள் நீ. கையில் ஒரு பெட்டி. ஒன்றும் கேட்காதே என்று முகமே சொன்னது.

சூடாக ரசம் குடித்த பிறகுதான் வாயைத் திறந்தாய். கொலோனில் டாக்டராக இருந்த உன் கணவர், நீ படிப்பை விட்டுவிட்டுத் தன்னோடு யாழ்ப்பாணம் திரும்பப்போவதாக ஊருக்கெல்லாம் எழுதிவிட்டார். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான் என்ன சூட்கேசே, தூக்கிக்கொண்டு போக?" என்றாய்.

நீ படித்தது கிரேக்கத் தெய்வங்களின் கல்யாணங்களை. ரசாயனக் குடுவைகளோடு மாரடித்துக்கொண்டிருந்த எனக்குப் பொறாமை. "நாங்க வம்பு பேசினா அரட்டை, நீ ஒலிம்பஸ் வம்பு பேசினா டாக்டர் பட்டமா?" என்று சீண்டுவேன்.

உனக்குப் பிடித்தது பிளாட்டேயா என்ற ஊரின் கதை. தேவர்களின் அரசன் ஜீயஸோடு கோபித்துக்கொண்டு அவன் மனைவி ஹீரா போய்விட்டாள். எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை. அவன் ஒரு மரப்பொம்மைக்கு மணப்பெண் அலங்காரம் செய்து, முக்காடு போட்டு, வண்டியில் ஏற்றி, எனக்குப் புதுக் கல்யாணம் என்று ஊரைக் கூட்டினான். ஓடிவந்த ஹீரா முக்காட்டைக் கிழித்தால், உள்ளே வெறும் கட்டை. சிரித்துவிட்டாள். சமாதானம்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி, சும்மா இருப்பேனா? பெருமாள் உறையூர் நாச்சியாரைப் பார்த்துவிட்டு வருவதையும், தாயார் கதவைச் சாத்துவதையும், பெருமாளுக்கு வாழைமட்டையால் மட்டையடி விழுவதையும், நம்மாழ்வார் வந்து சமரசம் பேசுவதையும், கடைசியில் இருவரும் சேர்ந்து பக்தர்களுக்குச் சேவை சாதிப்பதையும் சொன்னேன். "வருஷா வருஷம் கதவு திறக்கும்டி" என்றேன். எங்கள் ஊரில் பிறந்தவளுக்கு ஊடல் என்றால் முடிவு தெரிந்த உற்சவம். உன்னுடையதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

சில வாரங்களில் விடுதித் தொலைபேசியில் உன் கணவர் கூப்பிட்டார். "தங்கச்சி, அவவிட்டைச் சொல்லுங்கோ. அம்மா எனக்கு வேற பொம்பிளை பாக்கிறா."

பதறிக்கொண்டு வந்து சொன்னேன். நீ திருதிருவென்று விழித்தாய். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "எடியே, இது பிளாட்டேயா! என்ட ஆராய்ச்சியை முழுக்க டைப் அடிச்சுத் தந்ததே அவர்தானே!" எனக்கு அந்த மனுஷன்மேல் பிரியமே வந்துவிட்டது. கதவு திறந்தாச்சு என்று உன் பெட்டியை இழுத்துப்போட்டுத் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன்.

நீ ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் அலமாரியில் வைத்தாய். சிரித்ததில் வந்த கண்ணீர் இன்னும் காயவில்லை. "ஹீரா சிரிச்சால் திரும்பிப் போகத்தான் வேணும், கதை அப்பிடி. எனக்குச் சிரிப்பும் வருது, அவரிலை விருப்பமும் இருக்குது. ஆனால் போக ஏலாது. அவர் இப்பவும் என்னைக் கேக்கேல்லையடி."

அவர் தனியாகவே ஊர் திரும்பினார். வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. நீ பட்டம் வாங்கி, ஜெர்மன் பிள்ளைகளுக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்து, தனியாக, பெரும்பாலும் சந்தோஷமாகவே இருந்தாய். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேச்சு பாதியில் நின்றுபோகும். நானும் தொடரமாட்டேன்.

உன் இறுதிச் சடங்குக்கு அவர் வந்திருந்தார். தள்ளாத வயது. எல்லோரும் போனபின் என் அருகே வந்தார்.

"நான் விட்ட பகிடி அவவுக்கு விளங்கினதே?"

"புரிஞ்சுது. விழுந்து விழுந்து சிரிச்சா."

அவர் முகம் மலர்ந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப ஏன் வரேல்லை?"

நீ சொன்ன பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவரிடம் எப்படிச் சொல்வேன்? இனி அவர் யாரைப் போய்க் கேட்பார்?