டிரைவரைத் தூங்கவிடாமல் பேசுவது என் மகளின் வேலை அல்ல

அனுப்புநர்:
கெம்பம்மா, க/பெ ஆஞ்சப்பன்,
வேப்பனப்பள்ளி,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: கம்பெனி வேன் டிரைவர்களைத் தூக்கமில்லாமல் ஓட்ட வைப்பதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. என் மகள் காவியா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். போன தை மாதம் நைட் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது, சூளகிரி அருகே ரோட்டோரம் நின்ற லாரியின் பின்னால் கம்பெனி வேன் மோதியது. முன் சீட்டில் இருந்த என் பிள்ளை அங்கேயே போய்விட்டாள். டிரைவர் திம்மப்பன் கால் உடைந்து படுத்திருக்கிறார்.

2. அந்த முன் சீட்டுக்கு, வேனில் போகிற பெண்கள் 'பேச்சு சீட்டு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். டிரைவர் கண் அசராமல் இருக்க வாயாடிப் பெண் ஒருத்தியை அங்கே உட்கார வைப்பது வழக்கம். என் மகள் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் வாயடிப்பாள். சூப்பர்வைசர் மாதிரி பேசிக் காட்டுவாள். "நான் இல்லாட்டி வண்டியே நகராதும்மா" என்று வீட்டில் பெருமையடிப்பாள்.

3. பகல் ஷிப்டுக்கும் நைட் ஷிப்டுக்கும் திம்மப்பன் ஒருவரே டிரைவர். அவர் எப்போது தூங்குவார்? கம்பெனியில் போய்க் கேட்டால், "உம் பொண்ணு தூங்கிட்டாம்மா, அதான் வண்டி போய் இடிச்சிது" என்கிறார்கள். ராத்திரி முழுக்க நின்றுகொண்டு வேலை செய்த பிள்ளை, உட்கார்ந்தால் தூங்காமல் என்ன செய்யும் ஐயா?

4. இப்போது மாரிமுத்து என்று புது டிரைவர். அவருக்கும் இரண்டு ஷிப்ட்தான். பேச்சு சீட்டில் பக்கத்து வீட்டு சரசம்மாவின் மகள். ஹாரன் சத்தம் கேட்டால் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. சொம்பில் தண்ணீரோடு ஓடி, வேனுக்கு முன்னால் நிற்கிறேன். டிரைவர் இறங்கி முகம் கழுவினால்தான் வழி விடுகிறேன். வண்டியை மறிக்கிறேன் என்று கம்பெனி போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறது. மறிப்பது உண்மை. அந்தத் தண்ணீர் குந்தாரப்பள்ளி போவதற்குள் காய்ந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். வேறென்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

5. ஆகவே, ஒரு ஷிப்ட் ஓட்டிய டிரைவர் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்த பிறகே மறுபடி வண்டி எடுக்க ஐயா உத்தரவு போட வேண்டும். பேசுவதற்கென்று எந்தப் பிள்ளையையும் முன்னால் உட்கார வைக்கக் கூடாது. என் மகள் தூங்கியதால்தான் விபத்து என்ற பேச்சை விசாரணையில் ஏற்கக் கூடாது.

இன்று சாயங்காலமும் வேன் வரும். அதற்குள் நான் ஊர் போய்ச் சேர வேண்டும். மனுவை வாங்கிக்கொண்டு என்னைச் சீக்கிரம் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கிருஷ்ணகிரி
நாள்: 12.03.2007

இப்படிக்கு,
கெம்பம்மா
(காவியாவின் தாய்)