கனம் கோர்ட்டாரும் கிளியூர்ப் பாதையும்

11 மார்ச் 1984, ஞாயிறு

ஏற்காட்டுக்குக் குடிவந்து பத்து நாள். மாவட்ட நீதிபதி ரிட்டயராகிவிட்டார் என்று ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டுக் கனம் கோர்ட்டாருக்குத்தான் இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. மத்தியானம் ரசத்தை வாயில் வைத்துவிட்டு, "உப்பு அதிகம் என்பது நிரூபணமாகிறது" என்றார். நல்லவேளை, மரண தண்டனை இல்லை. முப்பத்தொரு வருஷமாக இந்தக் கோர்ட்டில் நான்தான் நிரந்தரப் பிரதிவாதி. காலையில் பூசை முடிந்து வரும்போது குருவானவரின் பிரசங்கத்துக்கும் தீர்ப்பு வந்தது. ஆதாரம் போதாதாம்.

2 ஜூன் 1984, சனி

பஜாரில் பலசரக்குக் கடை முகமது யூசுப்புக்கும் பக்கத்து டீக்கடை ஆறுமுகத்துக்கும் சண்டை. யூசுப் கடைத் தகரத்திலிருந்து வழியும் மழைத்தண்ணீர் ஆறுமுகத்தின் வடை அடுப்பில் விழுகிறது. இரண்டு பேரும் "ஜட்ஜய்யா இருக்காருங்களா" என்று வந்து நின்றார்கள். கனம் கோர்ட்டாருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

விசாரணை வேடிக்கையாக இருந்தது. இவர் போட்ட விதிப்படி முதலில் எதிராளியின் கட்சியைச் சொல்ல வேண்டும். எதிராளி "சரி" என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் தன் கட்சியைப் பேசலாம்.

"ஏனுங்க, அவன் கட்சிய நான் எப்படிங்க பேசறது?" என்றார் யூசுப். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், ஆறுமுகம் தலையாட்டவில்லை. மூன்றாம் தடவை பாதியிலேயே நிறுத்தி, "அட, காயற எண்ணெயில தண்ணி உழுந்தா மூஞ்சியில தெறிக்குமுல்லீங்க!" என்று அவரே பதறிவிட்டார். தகரத்தை நாளைக்கே திருப்பிப் போடுகிறாராம்.

நான் அசந்துபோனேன். இவரைக் கட்டிக்கொண்டதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எழுதியாயிற்று. அடிக்கப்போவதில்லை.

25 மே 1985, சனி

சனிக்கிழமை என்றால் வராந்தாவில் இடம் இல்லை. மஞ்சக்குட்டை, செம்மநத்தத்திலிருந்தெல்லாம் ஜீப்பில் வருகிறார்கள். வரப்புத் தகராறு, மாமியார் மருமகள், யார் நாய் யாரைக் கடித்தது — எல்லாம் இங்கேதான். எனக்கும் பதவி உயர்வு. முன்பு டீ மட்டும் போட்டேன், இப்போது தீர்ப்பையும் நோட்டில் எழுதுகிறேன். ஸ்கூல் டீச்சர் கையெழுத்து கடைசியில் இதற்குத்தான் உதவுகிறது.

போன வாரம் கோடை விழா மேடையில் பொன்னாடை போட்டு "மலையின் மனசாட்சி" என்றார்கள். வீட்டுக்கு வரும் வழியில் "என்னவென்று சொன்னார்கள்?" என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார். காது நன்றாகத்தான் கேட்கிறது இவருக்கு.

14 ஜூலை 1986

பக்கத்துக் கிராமமான கிளியூரின் ஆடு ஒன்று கனம் கோர்ட்டாரின் ரோஜாச் செடியைத் தின்றுவிட்டது. ஆட்டுக்கு சம்மன் அனுப்ப முடியாதே, அதனால் பத்திரத்தை எடுத்துவைத்துப் படித்தார். நம் காபித் தோட்டத்தின் கீழ் ஓரமாகத்தான் கிளியூர்ப் பெண்கள் பஸ் ரோட்டுக்குப் போகிறார்கள். அந்தப் பாதை பத்திரத்தில் இல்லையாம்.

"கண்ணெதிரே கிடக்கிறதே?" என்றேன்.

"ஆவணத்தில் இல்லை" என்றார்.

19 ஜூலை 1986

நாலு வரிசை முள்கம்பி போட்டாயிற்று. ஆட்டுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, அடியில் நுழைந்து வந்து போகிறது.

2 ஆகஸ்ட் 1986, சனி

இன்று நடந்ததை நோட்டில் எழுத முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

வராந்தா நிறைய ஆள். கிளியூர் அம்மாசி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். எஸ்டேட்டில் காபி பறிக்கிறவள். "யார் மேல் பிராது?" என்றார் இவர்.

"உங்க மேலதானுங்க. வேற யாருகிட்டங்க போறது?"

கிண்டல் ஒரு துளிகூட இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே நம்பி வந்திருக்கிறாள்.

முறை தெரிந்தவள், முதலில் இவர் கட்சியைத்தான் சொன்னாள். "ஐயா காசு குடுத்து வாங்குன பூமிங்க. பத்தரத்துல வழி இல்லீங்க. ஆடு வேற வந்து ரோசாச் செடியத் தின்னுபோட்டுது. செரிதானுங்களா?"

"சரி" என்றார். வேறு என்ன சொல்வார்?

"எம்மருமவ நெறமாசமா இருக்கறாளுங்க. கம்பிய ஒரு ஆள் போற அளவுக்கு வுட்டாப் போதுமுங்க. சுத்திப் போனா ரண்டு மைல் கூட ஆவுது. இனி எங்க கட்சிய நீங்க ஒருக்கா சொல்லிப்போடுங்க."

எல்லாரும் இவர் வாயையே பார்த்தார்கள். நானும்தான். சொல்லிவிடுங்க, சொல்லிவிடுங்க என்று எனக்குள் அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தார். "இது சிவில் வழக்கு. சேலம் முன்சீப் கோர்ட்டுக்குப் போங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நோட்டில் தேதியை மட்டும் எழுதி மூடினேன்.

23 ஆகஸ்ட் 1986

அம்மாசி மருமகளுக்கு நேற்றுச் சாயங்காலம் வலி கண்டிருக்கிறது. கட்டிலில் வைத்துச் சுற்றுவழியாகத் தூக்கிப் போயிருக்கிறார்கள். பாதி வழியில், கொட்டுகிற மழையில், சில்வர் ஓக் மரத்தடியில் பிள்ளை பிறந்தாச்சு. புடவையை நாலு பேர் பிடிச்சுக்கிட்டாங்களாம், அவ்வளவுதான் மறைப்பு. பொம்பளைப் பிள்ளை, பிழைத்துக்கொண்டது. தாய்க்கு ரத்தம் நிக்கவே இல்லையாம். ஆஸ்பத்திரியிலே கிடக்கிறா. நம்ம கம்பி வழியா வந்திருந்தா பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்! மனுஷனா இவரு? அப்படின்னா அந்தக் கம்பியை நானே பிடுங்கி எறியாம டீ போட்டுக்கிட்டு இருந்தேனே, நான் யாரு?

இவரிடம் சொன்னேன். "வருந்தத்தக்கது" என்றார். அப்புறம் பேப்பரைப் புரட்டினார்.

30 ஆகஸ்ட் 1986, சனி

பத்து மணிவரை யாரும் வரவில்லை. பதினொன்றுக்கும் இல்லை. பானை டீயும் வீண். மழை காரணம் என்று கனம் கோர்ட்டார் தீர்மானித்திருக்கிறார். வெயில் சுளீரென்று அடிக்கிறது.

மருமகள் தேறிவிட்டாளாம். யூசுப் கடையில் கேள்விப்பட்டேன். எப்போதும் "ஐயா சௌக்கியங்களா" என்பவர், இன்று பருப்பை மட்டும் கட்டிக் கொடுத்தார்.

3 ஜூலை 1988

அம்மாசி போட்ட வழக்கு விசாரணைக்கு வந்துவிட்டது. அவள் வக்கீல் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். சரி என்றேன். சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன்.

"யார் தரப்பில்?"

"அம்மாசி தரப்பில்."

சோற்றைப் பிசைந்துகொண்டே, "சட்டப்படி நான் உன்னைத் தடுக்க முடியாது" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் சட்டம் என் பக்கம் இருந்த முதல் நாள்.

12 ஜூலை 1988, செவ்வாய்

சேலம். வக்கீல் வேண்டாம், தானே வாதாடுவேன் என்று பழைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வெளி வராந்தாவில் எல்லாரோடும் உட்கார்ந்திருந்தோம். கோர்ட்டு டவாலி வாசலில் நின்று கத்தினான்: "லாசர்! லாசர்! லாசர்!"

இவர் எழுந்திருக்கவில்லை. யாரோ லாசரைக் கூப்பிடுகிறான் என்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்க்கிறார். நான் முழங்கையைத் தொட்டேன். "உங்களைத்தாங்க."

கூண்டில் நான் ஏறினேன். என்னைக் குறுக்கு விசாரணை செய்ததும் இவரேதான். கல்யாணமான நாளிலிருந்து பழக்கம்தானே, எனக்கு ஒன்றும் பயமில்லை.

"அங்கே பாதை இருந்ததைச் சாட்சி நேரில் பார்த்ததுண்டா?"

"உண்டு. நீங்களும் பார்த்திருக்கீங்க. வந்த புதுசில் தினமும் ரெண்டு பேரும் அதில்தானே நடந்தோம்."

பின்னால் சிரிப்பு. "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்!" என்று இவர் அதட்டினார்.

மேலே இருந்த முன்சீப் சின்னப் பையன், நம் மகன் வயசுகூட இருக்காது. தலை குனிந்தபடி மெதுவாகச் சொன்னார்: "அதை நான் சொல்லணும் சார்."

அதற்கப்புறம் இவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்து வந்தோம்.

4 அக்டோபர் 1988

தீர்ப்பு அம்மாசிக்கு. இன்று கோர்ட்டு அமீனா வந்து முன்னால் நின்று கம்பியை எடுக்க வைத்தார். அப்பீல் செய்யப்போவதில்லையாம்.

சாயங்காலம் கிளியூர்ப் பெண்கள் பஸ் இறங்கி வந்தார்கள். அம்மாசி முன்னால், பின்னால் மருமகள், இடுப்பில் அந்தக் குழந்தை. எதற்கோ சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். இவர் கீழே வரைக்கும் இறங்கிப் போய்ப் பாதையோரத்தில் நின்றார். வணக்கம் சொல்ல வருவார்கள் என்று கையைப் பாதிவரை தூக்கிவிட்டார். ஒருத்தியும் திரும்பவில்லை. தூக்கின கையால் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.