கறுப்புப் பாறைக்கு நடுவே வெளுத்த கல்

கடலூர் முதுநகர்
6.8.2009

அன்பு மகள் சிந்துஜாவுக்கு, அம்மா கொளஞ்சியம்மாள் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம் என்று ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிட்டேன்.

உனக்குப் போன் போட்டால் ஒரு இந்திக்காரிதான் பேசுகிறாள். தினமும் கேட்டுக் கேட்டு அவளும் எனக்கு ஒரு மகள் மாதிரி ஆகிவிட்டாள். அதனால்தான் கடிதம். ஐந்தாம் வகுப்பு எழுத்து, பிழை இருந்தால் திருத்திக்கொள். அதற்குத்தானே உன்னைப் புனே வரை அனுப்பிப் படிக்க வைத்தோம்.

நீ அனுப்பிய வெளுத்த கல் டிவி மேல்தான் இருக்கிறது. போன ஆயுத பூஜைக்கு அப்பா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்ததிலிருந்து, பக்கத்து வீட்டு முத்தம்மாள் வரும்போதெல்லாம் தொட்டுக் கும்பிடுகிறாள். எரிமலைச் சாமி, ரொம்பத் துடியான சாமி என்று நான்தான் சொல்லிவைத்தேன்.

அங்கே மலை முழுக்கக் கறுப்புப் பாறை, எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்தது, அதற்கு நடுவே இந்த வெளுத்த கல் எப்படி வந்தது என்பதுதான் உன் ஆராய்ச்சி என்றாய். இரண்டு வழி சொன்னாய். கறுப்புக் குழம்பு பூமிக்கு அடியில் மெல்ல ஆறும்போது இரும்புள்ள கனமான மணிகள் முதலில் உறைந்து அடியில் தங்கிவிடும். மிச்சக் குழம்பில் சிலிக்கா, நம் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் இருக்கிறதே அந்தச் சத்து, கூடிக்கொண்டே போகும். அது உறைந்தால் வெளுத்த கல். இல்லையென்றால், கறுப்புக் குழம்பின் சூட்டில் அங்கே ஏற்கெனவே கிடந்த பழைய பாறை உருகி மேலே வரும்.

முதலாவது பெத்த புள்ள, ரெண்டாவது வளர்த்த புள்ள என்றார் அப்பா. உன்னைக் கைக்குழந்தையாகத் தத்து எடுத்ததை நாங்கள் ஒளித்ததில்லை, நீயும் அதற்குக் கூசியதில்லை. விழுந்து விழுந்து சிரித்தாய். இடிச்சு மெஷின்ல போட்டுப் பாத்தாலும் பல கல்லுல ரெண்டும் கலந்துதாம்பா கெடக்கு, பிரிக்கவே முடியல என்றாய்.

அப்பாவின் உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது நான் மயங்கி உள்ளே கிடந்தேன். ரத்த சொந்தம் மட்டும் வாய்க்கரிசி போடட்டும் என்று உன் பெரியப்பா ஞானசேகரன் உன் கையில் இருந்த அரிசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். நீ பையை எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டாய். முத்தம்மாள் நேற்றுதான் சொன்னாள்.

நேற்றே அவர் வீட்டுக்குப் போனேன். எம் பொண்ணு வருஷக்கணக்கா கல்ல இடிச்சுப் பாத்தும் பிரிக்க முடியலங்குறா, நீங்க கண்ணால பாத்தே பிரிச்சிட்டீங்களே மாமா, உங்களுக்கு ரெண்டு டாக்டர் பட்டம் குடுக்கணும் என்றேன். உன் பெரியம்மா சிரித்துவிட்டாள். வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல கொளஞ்சி என்று அவர் ஆரம்பித்தார். அதற்கும் ஏதோ கேலி வைத்திருந்தேன், வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. நான் அழுது அந்த மனுஷர் பார்த்ததே இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கருமாதிக்குப் புள்ள வந்தா அதுவே செய்யட்டும் என்றார்.

ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாகக் கேட்டது, சிந்து வண்டி ஏறிட்டாளா என்றுதான். ஏறிட்டா என்று சொன்னேன். அவ்வளவு தூரம் வந்தும் உன் கை அரிசி அவர் வாயில் விழவில்லை. அதை இனி யாராலும் சரிசெய்ய முடியாது.

அடுத்த ஞாயிறு, 16ஆம் தேதி, கெடிலம் ஆற்றங்கரையில் கருமாதி. எள்ளும் தண்ணீரும் உன் கையால் இறைக்க வேண்டும். கோபத்தோடேயே வா. யாரிடமும் பேச வேண்டாம், என்னிடமும் பேச வேண்டாம், முடிந்ததும் போய்விடு, தடுக்க மாட்டேன்.

எந்த ஊரில் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் இங்கே இரு, தாயி.

இப்படிக்கு,
உன் அம்மா
கொளஞ்சியம்மாள்